துருவ ஒளி நம் ஊரில் ஏன் தெரிவதில்லை?



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் வாழும் நமக்கு அருகில் உள்ள கோளரங்கம், 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமாகும். குவிமாடத்தின் கீழ் அமர்ந்து அண்ணாந்து பார்த்தால் பகலிலேயே இரவு வானம் விரிகிறது. உலகின் எந்த நாட்டு வானத்தையும் கோளரங்குகளில் காட்டலாம். நார்வே நாட்டு வானில் பச்சைப் பட்டுத் திரைபோல் அசையும் வடதுருவ ஒளியை அவ்வாறு காணும்போது, 'இது நம் ஊர் வானில் ஏன் தோன்றுவதில்லை?' என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை காண்போம்.

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. இதனைச் சூரியக் காற்று என்பர். இதன் வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர்! நம் பூமியோ ஒரு பெரிய காந்தம். ஆய்வகத்தில் சட்டகாந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினோம் அல்லவா? தூள் இரு முனைகளிலும் நெருங்கி நின்றது. நடுவில் காந்தத்திற்கு இணையாகப் படிந்தது. பூமியின் காந்தக் கோடுகளும் அவ்வாறே அமைந்துள்ளன. துகள்களுள் பெரும்பாலானவற்றை இக்காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. எஞ்சியவற்றுள் சில, காந்தக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளில் இறங்கிக் காற்றுடன் மோதுகின்றன. நியான் விளக்கில் மின்சாரம் பாய்ந்ததும் வாயு ஒளிர்வதுபோல, அங்கே வானம் ஒளிர்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சை நிறமும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பு நிறமும் தருகிறது. நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தருகிறது.

நம் தமிழகத்தின் தென்கோடியை ஒட்டியோ காந்த நடுக்கோடு செல்கிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக ஓடுகின்றன. ஆகவே துகள்கள் கீழே இறங்க வழியில்லை. இதுவே நம் கேள்விக்கு விடை.

எனினும் சூரியப் புயல் மிகக் கடுமையானால் இவ்வொளி தெற்கேயும் பரவும். 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயிலும் இது தெரிந்தது. 2024 மே 10 இரவு லடாக்கிலுள்ள ஹான்லே வானம் செந்நிறமாயிற்று.

இதில் அழகு மட்டுமன்றி ஆபத்தும் உண்டு. 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். செயற்கைக்கோள்களும் பழுதடையக்கூடும். எனவே சூரியனை இடைவிடாது கவனிப்பது அவசியம். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் நம் மாநிலத்தின் பெருமை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர், செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார்.

துருவ ஒளி நம் வானுக்கு வராவிட்டால் என்ன? அதற்குக் காரணமான சூரியனை ஆராய நம் தமிழ்ப் பெண் ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். தோழியரே, நாமும் அறிவியலை ஆர்வத்துடன் கற்று அவ்வழியில் நடப்போமாக!