வளர்ந்தால் வீசிங் போய்விடுமா?

“இப்பதான் சார் வீசிங். பெரியவனானா தானா சரியாயிடும்.” பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. பெண் குழந்தையாக இருந்தால், “வயசுக்கு வந்தா போயிடும் டீச்சர்” என்பார்கள். சில பிள்ளைகளுக்கு அப்படியே நடந்தும் இருக்கிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது.

ஆனால் யாருக்குப் போகிறது? யாருக்குத் தங்குகிறது? போனது திரும்பி வராதா? ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களோடு பழகும் நமக்கு இந்தக் கேள்விகள் முக்கியமானவை. ‘சரியாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்துவதும், நண்பர்கள் முன் இன்ஹேலரை எடுக்க வெட்கப்படுவதும், சிலர் புகைக்கத் தொடங்குவதும் இந்த வயதில்தான்.

மூச்சுக்குழலில் நடப்பது என்ன?

பதினொன்றாம் வகுப்பு உயிர் விலங்கியலில் சுவாசம் பற்றிய பாடத்தில் ஆஸ்துமா இடம்பெறுகிறது. ஆஸ்துமாவில் மூன்று மாற்றங்கள் சேர்ந்து நடக்கின்றன. மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்குகிறது. அதைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி அதிகம் சுரக்கிறது. மூன்றும் சேர்ந்து காற்று செல்லும் வழியைக் குறுக்குகின்றன. குறுகிய வழியில் காற்று வெளியேறும்போது எழும் விசில் போன்ற ஒலியைத்தான் வீசிங் என்கிறோம்.

இயற்பியல் ஆசிரியர்கள் இதை எளிதாக விளக்கலாம். சீராகப் பாயும் ஒரு குழாயில் ஆரம் பாதியானால் தடை இரு மடங்காக அல்ல, 16 மடங்காக உயரும். அதனால் சிறு குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழலில் ஏற்படும் சிறிய வீக்கம்கூடப் பெரும் சிரமத்தைத் தருகிறது. குழந்தை வளரும்போது குழலும் அகலமாகிறது. அதே அளவு வீக்கம் இப்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை. சளிப்பிடிக்கும் போதெல்லாம் மூச்சு இரைத்த பல குழந்தைகள் பள்ளிக்கு வந்த சில ஆண்டுகளில் நலமாகிவிடுவதற்கு இது ஒரு காரணம். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவின் கதை வேறு.

ஓர் ஊர் சொல்லும் கணக்கு

நியூசிலாந்தில் டுனெடின் என்றொரு நகரம் உள்ளது. அங்கே 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்தவர்களில் 1037 பேரைச் சிறுவயதிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 9 வயது தொடங்கி 26 வயது வரை பலமுறை அவர்களின் மூச்சுத்திறனைச் சோதித்தார்கள். முழு விவரமும் கிடைத்த 613 பேரின் கணக்கு 2003இல் வெளியானது.

அதில் 89 பேருக்குச் சிறுவயதில் தொடங்கிய வீசிங் 26 வயது வரை நீடித்தது. 168 பேருக்கு இடையில் நின்றுபோனது. நம் பெற்றோர் சொல்வது சரிதானே என்று தோன்றும். ஆனால் நின்ற அந்த 168 பேரில் 76 பேருக்கு, 26 வயதை எட்டுவதற்குள் மீண்டும் வந்துவிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர்! ‘போய்விட்டது’ என்று அவர்கள் நினைத்த காலம் வெறும் இடைவேளையாக முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1964இல் 7 வயதுக் குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய மற்றோர் ஆய்வு அவர்களை 50 வயது வரை பின்தொடர்ந்தது. சிறுவயதில் எப்போதாவது மட்டும் இரைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் நின்றிருந்தது. கடுமையான ஆஸ்துமா இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நடுவயதிலும் தொடர்ந்தது. சிறுவயதில் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே பின்னால் நடக்கப்போவதற்கு ஒரு நல்ல அடையாளம்.

யாருக்குத் தங்குகிறது?

டுனெடின் ஆய்வில் தெளிவாகத் தெரிந்தவை இவை:

1. தூசு உண்ணி ஒவ்வாமை: தலையணை, மெத்தை, பாய், திரைச்சீலை ஆகியவற்றில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரி இது. இதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வீசிங் நீடிக்கவும் திரும்பவும் வாய்ப்பு அதிகம்.

2. எளிதில் இறுகும் மூச்சுக்குழல்: குளிர்காற்று, புகை, ஓட்டம் என்று சிறு தூண்டுதலுக்கே குழல் சுருங்கும் இயல்பு உடையவர்கள்.

3. தொடங்கிய வயது: எவ்வளவு சிறு வயதில் தொடங்கியதோ, நின்றபின் மீண்டும் வரும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

4. பெண்ணாக இருத்தல்: குழந்தைப் பருவத்தில் ஆண் பிள்ளைகளிடம்தான் ஆஸ்துமா அதிகம். பருவமடைந்த பிறகு இது தலைகீழாகிறது. வளர்ந்தவர்களில் பெண்களுக்கே அதிகம். ஹார்மோன் மாற்றத்திற்கு இதில் பங்கு உண்டு. ஆக, ‘வயசுக்கு வந்தா போயிடும்’ என்ற ஆறுதல் பெண் பிள்ளைகளுக்குத்தான் மிகக் குறைவாகப் பொருந்துகிறது.

5. புகைத்தல்: 21 வயதில் புகைத்தவர்களிடம் வீசிங் நீடிப்பது கூடுதலாகக் காணப்பட்டது.

இந்தப் பட்டியலில் முதல் நான்கை நாம் மாற்ற முடியாது. தூசியைக் குறைக்க மட்டும் முடியும். ஐந்தாவது முழுக்க மனிதர் கையில் உள்ளது. பீடியும் சிகரெட்டும் கைக்கு வரும் வயதில் அந்தப் பையன் நம் வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

நின்றதும் குணமானதும் ஒன்றல்ல

இரைப்பு நின்ற பலரைச் சோதித்தபோது, வெளியில் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மூச்சுக்குழலின் உள்ளே அழற்சி தொடர்வது தெரியவந்துள்ளது. சாம்பல் மூடிய கனல் போன்ற நிலை அது. கடும் சளி, புகை, புதிய வேலையிடத்தின் தூசி என ஏதோ ஒன்று ஊதிவிட்டால் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

வேலையிடம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேக்கரியின் மாவுத்தூள், மர அறுவைத்தூள், வாகனங்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும்போது வரும் ரசாயனம் ஆகியவை ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியவை என்பது நன்கு அறியப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு உயர்கல்வி, வேலை பற்றி வழிகாட்டும்போது மதிப்பெண்ணோடு மூச்சையும் கேட்டுக்கொள்வது நல்லது. சிறுவயதில் இரைப்பு இருந்த மாணவர் இப்படிப்பட்ட தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இன்ஹேலர் பற்றி

‘இன்ஹேலர் எடுத்தால் பழக்கமாகிவிடும்’ என்பது தவறு. அதில் போதை ஏதும் இல்லை. மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமானது.

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சுவிட உதவுவது ஒன்று. சால்பியூட்டமால் இந்த வகை. உள்ளே உள்ள அழற்சியைத் தணிப்பது மற்றொன்று. இதைத் தினமும் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் நம்புவது ஆபத்து. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்பியூட்டமால் மட்டும் கொடுக்கும் முறையை 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் பரிந்துரைப்பதில்லை. ஒரு மாணவர் அந்த உடனடி மருந்தை அடிக்கடி எடுக்கிறார் என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்றே பொருள்.

அழற்சியைத் தணிக்கும் மருந்து நோயைக் கட்டுப்படுத்துமே தவிர வேரோடு பிடுங்காது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவரை அவர்கள் நலமாக இருந்தார்கள். நிறுத்தியபின் அந்த நன்மை நீடிக்கவில்லை. ஆகவே ‘ஆறு மாதமாக ஒன்றும் இல்லை’ என்று தாமாக நிறுத்தக்கூடாது. குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

• கல்வியாண்டின் தொடக்கத்தில் யாருக்கெல்லாம் வீசிங் இருக்கிறது, முன்பு யாருக்கு இருந்தது என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்து வைக்கலாம். ‘முன்பு இருந்தது’ என்ற பதிலையும் விடாமல் எழுத வேண்டும்.

• கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கலாம். வகுப்பறையைப் பெருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகளை வெளியே இருக்கச் சொல்லலாம். குப்பையைப் பள்ளி வளாகத்தில் எரிக்க வேண்டாம்.

• விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம். நோய் கட்டுக்குள் இருந்தால் ஓடலாம், ஆடலாம். மெதுவாக உடலைத் தயார்செய்த பின் தொடங்கினால் போதும்.

• இரவில் இருமல், ஓடினால் மட்டும் இருமல், மழை நாட்களில் அடிக்கடி விடுப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை இரவெல்லாம் இருமியிருக்கலாம்.

• இன்ஹேலரைக் கேலி செய்ய எவரையும் விடாதீர்கள். கண்ணாடி அணிவது போலத்தான் இதுவும் என்று வகுப்பில் ஒருமுறை சொல்லுங்கள். கல்யாணத்திற்குத் தடையாகும் என்று மகளின் நோயை மறைக்கும் தாயிடம் தனியாகப் பேசுங்கள்.

மூச்சுத்திணறல் வந்தால் பதற்றமின்றி நேராக உட்கார வையுங்கள், படுக்க வைக்கக்கூடாது. மாணவரின் உடனடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசருடன் கொடுங்கள். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் சொல்லித்தரும் முறை நினைவில் வைக்க எளிது: ஒவ்வொன்றாக 4 அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 4 மூச்சு, பிறகு 4 நிமிடம் காத்திருத்தல். சரியாகாவிட்டால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும். முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ, காத்திராமல் முதலிலேயே 108ஐ அழையுங்கள். ‘லேசான வீசிங்தான்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கும் உயிரைப் பறிக்கும் திணறல் வருவதுண்டு.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த நம்பிக்கையை நாம் மறுத்துப் பேச வேண்டியதில்லை. “நிற்கலாம், நல்லதுதான். ஆனால் நின்றாலும் கவனமாக இருங்கள். மருந்தை டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். பையன் பீடி, சிகரெட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இவ்வளவு சொன்னால் போதும். பள்ளியை விட்டுப் போன பிறகும் அந்தப் பிள்ளைக்கு அது துணை நிற்கும்.