பிள்ளைகளுக்கான கொக்ளியர் சத்திரசிகிச்சை: ஒப்பமிடுமுன் பெற்றோர் அறிய வேண்டியவை

இங்கிலாந்தில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்குள் செவிப்புலன் பரிசோதனையைத் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) வழங்குகிறது. சில குழந்தைகளின் இரு காதுகளிலும் கடுமையான குறைபாடு கண்டறியப்படுகிறது. காதில் அணியும் கருவியால் போதிய பயன் கிடைக்காதவிடத்து, கொக்ளியர் உள்வைப்புச் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர்கள் குடும்பத்தினருடன் பேசுவர். காதுக்குப் பின்னால் எலும்பைத் துளைக்க வேண்டும் என்று கேட்டதும் பெற்றோர் கலங்குவது இயல்பு. அந்தத் துளை எங்கே, எதற்காக இடப்படுகிறது என்பதை ஒப்பமிடுமுன் அறிந்துகொள்வது அவர்களின் உரிமையாகும்.

யாருக்கு வழங்கப்படுகிறது?

கொக்ளியா என்பது உட்காதில் நத்தை ஓட்டின் வடிவில் சுருண்டுள்ள உறுப்பு. அதிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் பழுதடைந்தால் ஒலி நரம்பைச் சென்றடையாது. மின்வாய்கள் பொருத்தப்பட்ட மெல்லிய இழை ஒன்றைக் கொக்ளியாவினுள் செலுத்துவதன் மூலம் கேட்டல் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுகிறது.

‘நைஸ்’ நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 500 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரை சோதிக்கப்படும் அதிர்வெண்களுள் இரண்டிலேனும், இரு காதுகளிலும், 80 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியை மட்டுமே கேட்கும் பிள்ளைகள் பரிசீலிக்கப்படுவர். பொதுவாக அதற்கு முன் குறைந்தது 3 மாதம் சாதாரணக் கருவியை அணிந்து பார்த்தல் வேண்டும். தகுதி பெறும் பிள்ளைகளுக்கு இரு காதுகளிலும் ஒரே வேளையில் செய்வதே பரிந்துரை.

மூளைக்காய்ச்சலின் பின் செவிப்புலன் இழந்த பிள்ளையின் நிலை வேறு. கொக்ளியாவினுள் விரைவில் எலும்பு வளர்ந்து இழை செல்லும் வழி அடைபடக்கூடும். ஆகவே அங்கு தாமதம் கூடாது.

வழமையான பாதை

சத்திரசிகிச்சை பொது மயக்கமருந்தின் கீழ் நடைபெறும். காதுக்குப் பின்னால் தோலை வெட்டி, அங்குள்ள மாஸ்டொயிட் எலும்பின் காற்றறைகளைத் திறப்பர். பின்னர் முகநரம்புக்கும் சுவைநரம்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியால் நடுக்காதை அடைவர். கொக்ளியாவின் ‘வட்டச் சாளரம்’ எனப்படும் இயற்கையான சவ்வின் ஊடாகவோ, அதனருகே இடப்படும் சிறு துளையின் ஊடாகவோ இழை செலுத்தப்படும்.

கொக்ளியா பிறப்பிலேயே முழு அளவை அடைந்துவிடுகிறது. மாஸ்டொயிட் எலும்போ தொடர்ந்து வளரும். எனவே வளர்ச்சிக்கு இடமளித்து இழையைச் சற்றுத் தளர்வாக விடுவர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் முகநரம்பு காதுக்குக் கீழே தோலுக்கு அண்மையில் இருப்பதால், வெட்டு அவ்விடத்தைத் தவிர்த்து அமையும். நரம்பைக் கண்காணிக்கும் கருவியும் இயங்கிக்கொண்டிருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் இரத்தமே உள்ளதால், இரத்தப்போக்கு மிகக் கவனமாகக் கட்டுப்படுத்தப்படும்.

வேறு பாதைகள்

மாஸ்டொயிட் எலும்பைத் திறவாமல், செவிக்குழாய்க்கு மேலாகச் சுரங்கம்போல் வழியமைத்து நடுக்காதை அடையும் முறையும் உண்டு. உட்காதின் அமைப்பு பிறவியிலேயே வேறுபட்டிருந்தாலோ, முகநரம்பு வழமையான இடத்தில் இல்லாவிட்டாலோ, பாதை மாற்றப்படலாம். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்த பின்பே இது முடிவாகும். “என் பிள்ளைக்கு எந்தப் பாதை, ஏன்?” என்று பெற்றோர் தயங்காது கேட்கலாம்.

ஆபத்துகள்

முகநரம்பு பாதிப்பு அரிது. சுவை மாற்றம், தலைச்சுற்று, தொற்று, கருவி பழுதடைதல் ஆகியனவும் நேரலாம். சத்திரசிகிச்சை செய்த காதில் எஞ்சியிருந்த இயற்கையான செவிப்புலன் இழக்கப்படலாம். மூளைக்காய்ச்சல் ஆபத்தைக் குறைக்க நியூமோகொக்கல் தடுப்பூசி அவசியம். கருவியினுள் காந்தம் இருப்பதால், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதனை அறிவித்தல் வேண்டும்.

ஒப்புதல்

பெற்றோர் பொறுப்பு சட்டப்படி உள்ளவரே ஒப்பமிடலாம். தாய்க்கு அது இயல்பாகவே உண்டு. பாட்டன், பாட்டி என்ற உறவு மட்டும் அதற்குப் போதாது. முக்கியமான ஆபத்துகளையும் நியாயமான மாற்று வழிகளையும் வைத்தியர் விளக்கவேண்டும் என 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பமிட்ட பின்னரும் சத்திரசிகிச்சைக்கு முன் மனம் மாறினால் ஒப்புதலை மீளப்பெறலாம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலை கட்டணமின்றி ஒழுங்குசெய்யும். சந்திப்புக்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்க வைப்பது தவிர்க்கப்படவேண்டும்.

அதன் பின்னர்

கருவி சில வாரங்களின் பின்னரே இயக்கப்படும். அன்று முதல் ஒலிகளுக்குப் பொருள் காணப் பிள்ளை பழக வேண்டும். அதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் செல்லும். வீட்டில் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. பெற்றோர் தடையின்றிப் பேசும் மொழியே பிள்ளையின் பேச்சுக்கு வளம் சேர்க்கும். சைகை மொழியையும் உடன் கற்கலாம். செவிப்புலன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியரின் உதவியை நகரசபையின் கல்விப் பிரிவு ஊடாகப் பெறலாம்.