வேனுக்குள்ள ஹீட்டர்: புகை எங்க போகுது?

மியூனிக்ல இருக்கற என் ஃப்ரெண்டு ஒரு பழைய வேனை வாங்கி மோட்டார் ஹோமா மாத்திட்டு இருக்கான். ஜனவரியில அதுக்குள்ள தூங்கணும்னா ஹீட்டர் வேணுமே, கேஸ்ல ஓடற ட்ரூமா ஒண்ணு வாங்கிட்டான். வீடியோ கால்ல காட்டினப்போ நான் முதல்ல கேட்டது: "டேய், புகைக்குழாய் எங்கடா வெளிய வருது?"

இந்த ஹீட்டர்ல ரெண்டு காற்று ஓடுது. ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது. எரியறதுக்கான காற்று வெளியில இருந்து வந்து, எரிஞ்சு, புகையா வெளியவே போயிடும். நாம சுவாசிக்கற காற்றை 12 வோல்ட் ஃபேன் இழுத்து, சூடான உலோகத்துமேல உரசவிட்டு, குழாய் வழியா படுக்கைப் பக்கம் அனுப்பும். நடுவுல இருக்கறது அந்த உலோகம் மட்டும்தான். புகைக்குழாய் இணைப்பு லூசானா கார்பன் மோனாக்சைடு உள்ள வரலாம். அதுக்கு வாசனையே கிடையாது. தூங்கறவன் எழுந்திருக்காமலே போயிடலாம்.

அவன் துளை போட மார்க் பண்ணியிருந்த இடம், திறக்கற ஜன்னலுக்கு நேர் கீழ! மாத்த வெச்சேன். ஒரு அலமாரி போச்சுன்னு ரெண்டு நாள் பேசல.

சிலிண்டர்ல புரோபேன்தான் இருக்கணும். பியூட்டேன் 0 டிகிரி பக்கத்துலயே ஆவியாகறதை நிறுத்திடும். புரோபேனோட கொதிநிலை மைனஸ் 42. ரெண்டுமே காற்றைவிட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். அதனால சிலிண்டர் பெட்டிக்கு அடியில இருக்கற ஓட்டையை, குளிருதுன்னு துணி வெச்சு அடைக்காதீங்க.

கேஸ் இணைப்பை மட்டும் அவன் கைவைக்கல, அதுக்குன்னு படிச்ச ஆள் வந்து செஞ்சார். கார்பன் மோனாக்சைடு அலாரம் இப்போ அவன் தலைமாட்டுல இருக்கு.