மின்னஞ்சல் பொத்தானை அழுத்தும் முன்

தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மேல்சிகிச்சைக்காக மதுரைக்கும் சென்னைக்கும் செல்வோர் பலர். மருத்துவமனைகள் பலவும் இன்று சந்திப்பு நேரத்தையும் பரிசோதனை முடிவையும் மின்னஞ்சலில் அனுப்புகின்றன. அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் கைப்பேசிச் செயலி திறந்து, உரிய பக்கம் நேரே வந்து நிற்கிறது. இதை நம்பலாமா என்று நோயாளிகளின் வீட்டார் எங்களிடம் வினவுகின்றனர்.

மடலில் நாம் படிக்கும் எழுத்துகளோடு, அஞ்சல் மென்பொருள் மட்டும் படிக்கும் குறிப்புகளும் மறைவாக இருக்கலாம். நாள், நேரம், திறக்க வேண்டிய முகவரி ஆகியவை அவற்றில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஜிமெயில் இவ்வசதியை 2013-இல் அறிமுகப்படுத்தியது. அக்குறிப்புகளைக் கொண்டு மடல் பட்டியலிலேயே பொத்தான் காட்டுவதற்கு, அனுப்புநர் கூகுளிடம் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். மடலுக்குள் இருக்கும் பொத்தானுக்கு அத்தகைய தடை இல்லை. அதை எவரும் வரைந்து அனுப்பலாம்.

இணைப்பைச் செயலியில் திறப்பதற்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் 2015-இல் வந்த முறை இது. 'இச்செயலி எங்களுடையதே' என்று மருத்துவமனையின் இணையதளம் ஒரு கோப்பில் அறிவிக்க வேண்டும். அது பொருந்தினால் செயலி திறக்கும். செயலி இல்லையேல் இணைய உலாவியில் அப்பக்கம் திறக்கும்.

ஆகவே, பொத்தானை அழுத்தியதும் 'ஏபிகே' கோப்பு இறங்கினாலோ, வங்கி விவரமோ ஓ.டி.பி. எண்ணோ கேட்கப்பட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிகிச்சைக்கென்று சேர்த்த பணம் இவ்வழியில் பறிபோகலாம். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

ஐயம் எழுந்தால் பொத்தானை விடுத்து, செயலியை நீங்களே திறந்து பாருங்கள். அங்கும் தகவல் இல்லையெனில், நோயாளிச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணில் கேளுங்கள். மடலில் உள்ள எண்ணில் அன்று.

திருப்பூரிலோ சென்னையிலோ பணிபுரியும் பிள்ளையின் முகவரிக்கே மடல் செல்வதும் உண்டு. அவர் நாளையும் நேரத்தையும் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, சீட்டில் எழுதிவைக்கச் செய்ய வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்றவை தோன்றினால் எந்த மடலுக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.