கருவுற்ற தாயும் இரத்த அழுத்தமும்

"உடம்பில் நோவு ஒன்றும் இல்லையே, ஒரு நாள் சம்பளத்தை இழந்து கிளினிக்குக்கு ஏன் போக வேண்டும்?" என்று கருவுற்ற தாய்மார் சிலர் கேட்பதுண்டு. நோவு காட்டாமலே வளர்வதுதான் இரத்த அழுத்தத்தின் இயல்பு என்பதை நாம் முதற்கண் உணர வேண்டும்.

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின்னர்ச் சிலருக்கு இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவையோ அதற்கு மேலோ எட்டுகிறது. அத்துடன் சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் அது ஆபத்தின் அறிகுறியாகும். நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைந்து குழந்தையின் வளர்ச்சி குன்றலாம். தாயின் சிறுநீரகமும் ஈரலும் பழுதுறலாம். நோய் முற்றினால் வலிப்பு ஏற்பட்டு இரு உயிர்களுக்கும் கேடு நேரலாம். இவ்வலிப்பைப் பேய்க்கோளாறு என எண்ணி மந்திரிக்கச் செல்வோர், மருத்துவம் செய்ய வேண்டிய நேரத்தை வீணே இழக்கின்றனர்.

முதற்பிரசவம், 40 வயதுக்கு மேற்பட்ட கருவுறுதல், இரட்டைக் குழந்தைகள், நீரிழிவு, மிகுந்த உடற்பருமன், முன்னைய பேற்றில் இரத்த அழுத்தம் ஆகியவை இருப்பின் கூடுதல் கவனம் தேவை. இத்தகையோரில் சிலருக்கு 12 வாரங்களுக்குப் பின் சிறிதளவு ஆஸ்பிரின் மாத்திரையை மருத்துவர் தருவதுண்டு. அதனை நாமாகக் கடையில் வாங்கி உண்ணலாகாது. கருவாடு, ஊறுகாய் முதலியவற்றைக் குறைத்தல் நன்றே. ஆயினும் அது மட்டுமே இந்நோயைத் தடுத்துவிடாது.

எனவே, கருவுற்றதை அறிந்தவுடனே கிளினிக்கில் பதிவு செய்துகொள்வோம். குறித்த நாள் தவறாமல் சென்று இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்வோம். தாதியர் நம் பரிசோதனைப் புத்தகத்தில் சிவப்பு நிறக் குறி இட்டால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் பொருள்.

கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், அது இரவாயினும் மழையாயினும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். பிள்ளை பிறந்த பின்னரும் சில வாரங்கள் வரை இவ்வாபத்து உண்டு. ஆகவே, பேறுகால ஓய்வில் இருக்கும் தாயின் தலைவலியையும் அலட்சியம் செய்யலாகாது.

பரிசோதனை நாளில் வீட்டு வேலையைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். மாமியார் துணைக்குச் செல்லட்டும். ஒரு நாள் சம்பளத்தை மறுநாள் உழைத்து ஈட்டலாம். தாயை இழந்த வீட்டுக்கு எதைக் கொண்டு ஈடு செய்ய முடியும்?