ஊமை எழுத்தில் தொடங்கும் நெடுஞ்சொற்கள்



தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு ஆங்கில அகராதியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். உயர்தர வகுப்பிலே தொகைச்சொற்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "சேர், இங்கிலிஷில ஆக நீளமான சொல் எது?" என்று மாணவர் ஒருவராவது கேட்காமல் விடுவதில்லை. விடை தேடிப் போனால் 'பி' என்னும் எழுத்துக்குரிய பக்கங்களிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே இன்று அந்த எழுத்தில் தொடங்கும் இரண்டு நெடுஞ்சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் அந்த எழுத்தின் ஊமைத்தன்மை பற்றி ஒரு வார்த்தை. சைக்கோலொஜி, நியூமோனியா ஆகிய சொற்கள் ஆங்கிலத்தில் 'பி' எழுத்தைக் கொண்டே தொடங்குகின்றன. ஆனால் அந்த எழுத்து ஒலிப்பதில்லை. இவை கிரேக்கத்தை மூலமாகக் கொண்டவை. கிரேக்கர் 'ப்ஸ்', 'ப்ன்' என்று இரு மெய்களையும் சேர்த்தே உச்சரித்தனர். ஆங்கிலேயரின் நாவுக்குச் சொல்லின் முதலில் அது வசப்படவில்லை. ஒலியை விட்டுவிட்டு எழுத்தை மாத்திரம் வைத்துக்கொண்டனர். நமக்கும் இதே சிக்கல் உண்டு. தனிமெய் சொல்லுக்கு முதலாக வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. நாமோ எழுத்தை ஊமையாக்கவில்லை, அதற்கு உயிர் கொடுத்தோம். 'ப்ரயாணம்' பிரயாணமாயிற்று, 'ஸ்கூல்' பேச்சிலே இஸ்கூல் ஆயிற்று. எது நல்ல வழி என்று கேட்டால், எழுதியபடியே வாசிக்கலாம் என்பதனால் நம்முடையதே என்பேன்.

இனி முதலாவது சொல்: 'சூடோசூடோஹைப்போபராதைரொயிடிசம்'. ஆங்கிலத்தில் 30 எழுத்துகள். சூடோ என்றால் போலி. ஹைப்போ என்றால் குறைவு. பரா என்றால் அருகே. தைரொயிட் என்பது கேடயம் போன்றது என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நம் நாட்டு விஞ்ஞான நூல்களில் கேடயப்போலிச் சுரப்பி என்ற பெயரைக் கண்டிருப்பீர்கள், காரணம் இதுதான். அதன் அருகே உள்ள சிறு சுரப்பிகள் குருதியிலே கல்சியத்தின் அளவைக் காக்கின்றன. அவற்றின் சுரப்புக் குறைந்தால் கல்சியமும் குறையும். ஆனால் சிலரிடம் சுரப்புக் குறையாதிருந்தும் உடல் அதற்கு இணங்குவதில்லை. இந்நிலையை அமெரிக்க மருத்துவரான புல்லர் ஓல்பிறைற்றும் அவருடன் பணியாற்றியோரும் 1942இல் விளக்கி, நோய்ப்பெயரின் முன்னே ஒரு 'போலி'யைச் சேர்த்தனர். 1952இல் அதே வட்ட முகமும் குட்டை விரல்களும் இருந்தும் கல்சியம் குறையாத ஒருவரைக் கண்டபோது, அது போலிக்கும் போலியாயிற்று. முதற்போலி, கடைப்போலி படித்த நமக்கு இந்த இரட்டைப்போலி விளங்காமற் போகாது. நீளமாயினும் இது தேவையால் பிறந்த சொல்.

மற்றையது அப்படியல்ல. 'நியூமோனோ அல்ற்றா மைக்ரோஸ்கொப்பிக் சிலிக்கோ வொல்கேனோ கோனியோசிஸ்' என்று நான் இடைவெளி விட்டுச் சொல்வது உங்கள் மூச்சுக்காக. ஆங்கிலத்தில் இடைவெளியே இல்லாமல் 45 எழுத்துகள். நியூமோனோ நுரையீரல், அல்ற்றா அப்பாற்பட்டது, மைக்ரோஸ்கொப்பிக் நுணுக்குக்காட்டிக்குரியது, சிலிக்கோ மணலிலும் பாறையிலும் உள்ள சிலிக்கா, வொல்கேனோ எரிமலை, கோனியோசிஸ் தூசியால் வரும் நோய். எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் என்பது பொருள். சொல்லின் இரு நுனிகளையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள். 'நியூமோனோகோனியோசிஸ்' என்று 16 எழுத்தில் ஒரு சொல் வரும். 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் வழங்கிய சொல் அது. அதன் வயிற்றைக் கிழித்து 29 எழுத்துகளைத் திணித்திருக்கிறார்கள். திணித்தவர் மருத்துவரும் அல்லர். அமெரிக்காவின் தேசிய புதிர் விடுப்போர் கழகத்தின் தலைவராயிருந்த எவரெற் சிமித் என்பவர் 1935இல், நீளத்துக்காகவே இதை ஆக்கினார். பத்திரிகையில் வந்தது, பின்னர் வெப்ஸ்ரர், ஒக்ஸ்போட் அகராதிகளிலும் ஏறிவிட்டது. இது நீளத்துக்காகச் செய்யப்பட்ட சொல் என்பதை ஒக்ஸ்போட் அகராதிக்காரர் மறைக்கவில்லை. நூலுக்குரிய அழகுகள் பத்தில் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்த நன்னூலார் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆனால், நேயர்களே, சொல் விளையாட்டாகப் பிறந்ததாயினும் நோய் விளையாட்டன்று. சிலிக்கோசிஸ் என்ற சிறு பெயரால் மருத்துவர் வழங்குவது அதனையே. அதற்கு எரிமலை வேண்டியதில்லை. கருங்கல் உடைக்கும் இடமும் சுரங்கமும் போதும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். அதை விழுங்கி அழிக்க வரும் உடலின் காவற் கலங்கள் தாமே அழிகின்றன. அந்த இடம் புண்பட்டுத் தழும்பாகி இறுகிப்போகிறது. இறுகிய பகுதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றும் இல்லை.

புதிர்க் கழகத்தார் இச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்த அதே அமெரிக்காவில், 1930இல் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் ஹோக்ஸ் நெஸ்ற் என்னும் இடத்தில் ஆற்று நீரைத் திருப்பி மின் எடுப்பதற்காக மலையைக் குடைந்து ஒரு சுரங்கவழி வெட்டத் தொடங்கினார்கள். பாறையில் சிலிக்கா மிகுதி. துளையிடும்போது நீர் பாய்ச்சினால் தூசி அடங்கும்; வேலை சுணங்கும் என்று பெரும்பாலும் உலர்ந்தபடியே துளைத்தனர். தொழிலாளருக்கு முகமூடியும் இல்லை. வேலை தேடி வந்த கறுப்பின மக்களே அவர்களிற் பெரும்பாலார். நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். 1936இல் அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்று இதனை விசாரித்தது. இறந்தோரில் பலருக்கு மரணத்தின் காரணமாக எழுதப்பட்டிருந்தது சிலிக்கோசிஸ் அன்று. ஊமைப் 'பி'யில் தொடங்கும் இன்னொரு சொல்லான நியூமோனியா.