பதறாத கை, பழுதுறாத கூரை

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இம்முதுமொழிக்குச் சான்று தேடி நாம் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகலிலே, கண்டி மாநகரை அடுத்து உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைச் சரிவில், நண்பர் ஒருவருடைய வண்டிக் கூரையின் கீழ் நின்றபொழுது அச்சான்று நம் கண்ணெதிரே தோன்றியது.

நண்பர் வைத்திருப்பது ‘கேம்பர் வான்’ என வழங்கும் வீட்டு வண்டி. உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்யப்பட்ட மோட்டார் வானையே அப்பெயரால் அழைக்கின்றனர். ஓடும்போது அது ஏனைய வான்களைப் போலவே காணப்படும். ஓரிடத்தில் நிறுத்தியதும் அதன் கூரையை மேலே தூக்கலாம். கூரைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே கித்தான் துணி சுவராக எழுந்து நிற்கும். குனிந்து நடந்தவர் நிமிர்ந்து நடப்பர். மேலே பலகையை விரித்தால் பிள்ளைகள் இருவர் சுகமாக உறங்குவர்.

இவ்வமைப்பு நேற்றுத் தோன்றியதன்று. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951ஆம் ஆண்டிலேயே வோக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கை, அலுமாரி முதலியவற்றைப் பொருத்திக் கொடுக்கலாயிற்று. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரிலிருந்த மார்ட்டின் வால்ட்டர் நிறுவனத்தாரின் ‘டோர்மோபில்’ வண்டிகளோ, ஒரு பக்கத்துக் கீலில் எழும் கூரையாலும் வரிவரியான கூரைத் துணியாலும் புகழ் பெற்றன. இலங்கையில் அண்மைக் காலமாக இத்தகைய வண்டிகள் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. பழைய வானைத் தம் கையாலேயே மாற்றியமைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

மாத்தளையில் வாழும் நம் நண்பருடைய குடும்பம் இவற்றுள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவருடைய இளைய மகனுக்கு இழுப்பு நோய் உண்டு. புழுதி படிந்த மெத்தைகளில் அவனால் உறங்க இயலாது. ஆகவே, வீட்டுப் படுக்கையை உடன்கொண்டு ஊர் காணச் செல்லும் ஒரே வழியாக அவர்கள் அந்த வானைக் கருதினர். கூரைத் துணியை அவருடைய துணைவியார் மூன்று வாரம் இரவில் கண்விழித்துத் தைத்தார்.

ஒரு நிமிடத்தில் நேர்ந்தது

அன்று பிற்பகல் மூன்று மணியளவில் வானம் இருண்டது. மழை வலுக்குமுன் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டுமென்று எல்லோருக்கும் அவசரம். சாரல் உள்ளே புகாதிருக்க வண்டியின் கதவுகளையெல்லாம் இறுகச் சாத்தினோம். நண்பர் கூரையிலிருந்து தொங்கிய வாரைப் பற்றி இழுத்தார்; நாமும் ஒரு கை கொடுத்தோம். கூரை பாதியில் தயங்கியது. இன்னும் பலமாக இழுத்தோம். ‘சர்’ரென ஓர் ஓசை எழுந்தது. கூரையைத் தாங்கும் இரும்புக் கரத்தின் மடிப்பில் துணி அகப்பட்டு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துபோயிற்று.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. கூரையைப் பூட்டி, வண்டியை மாத்தளைக்கு ஓட்டிச் சென்றார். கிழிசலைக் காண மனமின்றி நான்கு நாள் அதனைத் திறவாமலே விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் திறந்தபோது கிழிசலினும் பெரிய கேடு அங்கே காத்திருந்தது. துணியெங்கும் கரும்புள்ளிகள், முகத்தில் அறைவது போன்ற பூஞ்சண நாற்றம். அன்றிரவு மகன் அதனுள் படுத்தான். ஒரு மணி நேரத்துக்குள் இருமத் தொடங்கிவிட்டான்.

மழையைத் தாங்கவே அத்துணி தைக்கப்பட்டது; மழை அதனைக் கெடுக்கவில்லை. மூடிய ஒரு நிமிடமும், மூடிய பின் கழிந்த நான்கு நாளுமே கெடுத்தன. எழும் கூரையைப் பேணுவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை இவ்விரண்டே.

துருத்தியின் தத்துவம்

துணி ஏன் அகப்படுகின்றது? கொல்லன் உலைக்களத்துத் துருத்தியை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். துருத்தியை அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி தேடும். வாய் திறந்திருந்தால் அதன் வழியே போகும். அடைத்திருந்தால் தோலையே புடைக்கச் செய்யும். எழும் கூரையும் ஒரு பெரிய துருத்தியே.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். கூரையின் நீளம் 2.4 மீற்றர், அகலம் 1.2 மீற்றர் எனக் கொள்வோம். பின்புறம் கீலில் பொருந்தியிருக்க, முன்புறம் 1 மீற்றர் உயருகின்றது. அப்போது கூரையின் கீழ் அமையும் ஆப்பு வடிவான இடத்தின் கனவளவு 1.44 கனமீற்றர், அதாவது 1440 லீற்றர் காற்று. கூரையைப் பத்து வினாடியில் இழுத்து மூடினால், வினாடிக்கு 144 லீற்றர் காற்று வெளியேற வேண்டும். கதவுகள் சாத்தியிருப்பின் அது எங்கே போகும்? துணியை வெளிப்புறமாகத் தள்ளிப் புடைக்கச் செய்யும். புடைத்த துணி கூரையின் விளிம்புக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே விழும், அல்லது இரும்புக் கரங்களின் வாயில் விழும். அன்று மழைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திய நாம், கிழிசலுக்கு வழியைத் திறந்துவிட்டோம்!

இன்னுமொரு காரணமும் உண்டு. பருத்திக் கித்தான் நனைந்தால் அதன் இழைகள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. நெசவின் இடைவெளிகள் அடைபடுவதால் மழை உட்புகாது. இஃது அத்துணியின் சிறப்பு. ஆனால் பருத்த துணி விறைத்துப்போகின்றது. உலர்ந்த துணியைப் போல இணங்கி மடிவதில்லை. ஆகவே ஈரக் கூரையை மூடும்போது இருமடங்கு பொறுமை வேண்டும்.

மூடும் முறை

முதலாவதாக, மேற்படுக்கையிலுள்ள தலையணை, போர்வைகளை அகற்றுக. துணி மடிந்து தங்குவதற்கு உள்ளே இடம் வேண்டும். துணி யன்னல்களின் ‘சிப்’ பூட்டுகளை முற்றாக இழுத்துவிடுக. தொங்கும் மடல்களே முதலில் அகப்படுபவை.

இரண்டாவதாக, வண்டியின் கதவு ஒன்றையேனும் திறந்து வைக்க. மழை பெய்யுமாயின் காற்றுக்கு மறைவான பக்கத்துக் கதவைத் திறக்கலாம். நாலு துளி உள்ளே விழுவதனால் நட்டமில்லை.

மூன்றாவதாக, துணிச் சுவரின் நடு உயரத்தில், வெளிப்புறமாகச் சுற்றிலும் ஓர் இலாஸ்டிக் கயிற்றைப் பூட்டுக. கூரை இறங்குகையில் அது துணியின் இடுப்பைப் பிடித்து உட்புறமாக இழுத்துக்கொடுக்கும். செலவு சிறிது, பயன் பெரிது.

நான்காவதாக, இருவர் சேர்ந்து செய்க. ஒருவர் உள்ளே நின்று வாரை நேராகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தலாகாது. மற்றவர் வெளியே சுற்றி வந்து பார்த்தல் வேண்டும். கூரை பாதி இறங்கியதும் நிறுத்துக. உள்ளே நிற்பவர் துணியைச் சுற்றிலும் உட்புறமாக மடித்துவிட்டு, இரும்புக் கரங்களின் மடிப்பிலிருந்து கையை எடுத்த பின்னரே மீண்டும் இறக்க வேண்டும். துணியை விழுங்கும் அதே மடிப்பு விரலையும் விழுங்கும். சிறு குழந்தைகளை அப்பால் நிறுத்துக.

ஐந்தாவதாக, ஒரு சாண் எஞ்சியிருக்கும்போது மீண்டும் நிறுத்திச் சுற்றிப் பார்க்க. எங்கேனும் துணி வெளியே எட்டிப் பார்த்தால் கூரையைச் சற்று உயர்த்தி அதனை உள்ளே விடுக. திருப்புளியால் குத்தி உள்ளே தள்ளுதல் கூடாது. கூரை இறங்க மறுக்குமாயின் அதற்கொரு காரணம் உண்டு. காரணத்தைக் காணாமல் பலத்தைக் காட்டுவது அறிவுடைமையன்று. இறுதியிற் கொளுக்கிகள் யாவும் பூட்டியுள்ளனவா என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும்.

கொழுந்து வாட்டும் கலை

இனி இரண்டாவது கேட்டுக்கு வருவோம். கண்டி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழை ஒருபுறம், வடகிழக்குப் பருவமழை மறுபுறம், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வேறு. இத்தகைய ஊரில் ஈரமின்றிக் கூரையை மூடும் நாளுக்காகக் காத்திருப்பவர் பல வேளைகளில் காத்துக்கொண்டேயிருக்க நேரும். ஈரத்தோடு மூடுவது குற்றமன்று. மூடியபடி மறந்துவிடுவதே குற்றம்.

நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பற்றுவதில்லை. பருத்தி இழை பூஞ்சணத்துக்கு உணவு. பொலியெஸ்டர் இழையை அது உண்ணாவிடினும், அதன்மேற் படிந்த அழுக்கை உண்டு வளரும். வளர்ந்து பரப்பும் நுண்வித்துகளோ இழுப்பு நோயாளரின் மூச்சை இறுக்குகின்றன.

உலர்த்தும் கலையை மலையகத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, பச்சைக் கொழுந்தின் ஈரத்தை வாங்கி வாட்டுவதே தேயிலைத் தொழிலின் முதற்படியாக இருந்து வருகின்றது. கம்பி வலையின்மேற் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். பல மணி நேரம் காற்று ஓடிய பின்னரே கொழுந்து பதப்படும். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டில் எழுந்த தொழிற்சாலை இன்று தேயிலை அரும்பொருளகமாக விளங்குகின்றது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர் இத்தொழிலின் பழைய இயந்திரங்களைக் காட்டி விளக்கலாம். ஈரத்தை வாங்குவதற்கு வெப்பத்தைப் போலவே காற்றோட்டமும் வேண்டும் என்பதே நாம் அங்கு பெறும் பாடம். மப்பு மூடிய நாளிலும் கூரையைத் தூக்கி, துணி யன்னல்களையும் கதவுகளையும் எதிரெதிரே திறந்து, ஒரு சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால் துணி உலர்ந்துவிடும்.

ஈரத்தோடு மூட நேர்ந்தால், முதலில் வெளிப்புற நீரைத் துவாயால் ஒற்றி எடுக்க, தேய்க்க வேண்டாம். படுக்கையை நனையாத இடத்தில் வைக்க. அன்று மாலையோ மறுநாளோ கட்டாயம் திறந்து உலரவிடுக. அழுக்கை உலர்ந்த பின் மென்மையான தூரிகையால் தட்டி, வெறும் நீரால் துடைக்கலாம். சலவைத் தூளும் வெளிற்றும் திரவமும் துணியின் நீர்தாங்கும் பூச்சைக் கெடுத்துவிடும்.

தையற்காரர் சொன்னது

நண்பர் துணியைக் கழற்றிக்கொண்டு கண்டி நகரில் முச்சக்கர வண்டிகளுக்குக் கூரை தைக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றார். அவர் கிழிசலைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இருபுறமும் ஒட்டுத்துணி வைத்தார். மூலைகள் பின்னர் பிரிந்துவிடாதிருக்க அவற்றை வட்டமாக வெட்டினார். உறுதியான பொலியெஸ்டர் நூலால் இருவரித் தையலிட்டு, தையல் துளைகளின்மேல் தேன்மெழுகைத் தேய்த்தார். கரும்புள்ளிகளைக் கண்டபோதுதான் அவர் தலையை அசைத்தார். “கிழிஞ்சதை நான் தைச்சுத் தருவேன் தம்பி. இதைத் தைக்க ஏலாது” என்றார்.

அவர் சொன்னதே மெய்யாயிற்று. எவ்வளவு துடைத்தும் நாற்றம் முற்றாகப் போகவில்லை. நண்பரின் துணைவியார் மறுபடியும் மூன்று வாரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்.

புதிய கூரையோடு அவர்கள் மீண்டும் ஹந்தானைக்கு வந்தபொழுது நாமும் உடனிருந்தோம். அன்றும் மழை பெய்தது. ஆனால் இம்முறை கதவு திறந்திருந்தது. இலாஸ்டிக் கயிறு துணியைப் பிடித்திருந்தது. வெளியே குடை பிடித்துக்கொண்டு சுற்றி வந்தவன் அந்த இளைய மகன். கூரை பாதி இறங்கியதும், “அப்பா, நில்லுங்கோ!” என்று குரல் கொடுப்பது அவனுக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. அவன் வண்டியை ஒருமுறை சுற்றி, ஒவ்வொரு மூலையையும் குனிந்து பார்த்து, “சரி” என்ற பின்னரே நண்பர் மீண்டும் வாரை இழுத்தார். மாத்தளைக்குத் திரும்பியதும், இராச் சாப்பாட்டுக்கு முன்பாகவே முற்றத்தில் கூரை எழுந்து நின்றது.

வீட்டு வண்டி நம்மில் மிகச் சிலரிடமே இருக்கலாம். ஆனால் மழையில் நனைந்து மடிக்கப்பட்ட குடையும் படங்கும் பள்ளிக்கூடப் பையும் இல்லாத வீடு ஏது? இன்றைக்கே அவற்றை எடுத்து விரித்துக் காற்றாட விடுவோமாக.